சிவப்புப் பலகையில் ரொட்டி

ஜூன் 3

டாக்டர் பாக் இன்று என் கணவர் ஹம்தமைப் பரிசோதித்துவிட்டு, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்றார். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, சமையலறையில் வெட்டும் பலகை எத்தனை என்று கேட்டார். ஒன்று என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

புதுச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டாமல் இருக்க ஹம்தம் சாப்பிடும் மாத்திரைகள், கிருமியையும் விரட்ட விடுவதில்லை. பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் தக்காளி வெட்டினால் மற்றவர்களுக்கு வயிற்றுவலி வரும். இவருக்கு என்ன வரும் என்பதை டாக்டர் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

அந்த ஒரு பலகை ஸனோபர் அக்காவுடையது. மல்பெரி மரம், நடுவில் குழிந்தது. ஸனோபர் அக்கா ஹம்தமின் மூத்த சகோதரி. சிறுநீரகமும் அவருடையதுதான். மார்ச்சில் கொடுத்தார். தையல் ஆறியதும் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், அன்றிலிருந்து தினமும் தன் வீட்டிலிருந்து வந்து சமைக்கிறார். நான் வேலைக்குப் போகிறேன், பாடப்புத்தகங்களில் பிழை திருத்துகிறேன்.

மாலை வீடு திரும்பியபோது அக்கா ஆட்டிறைச்சி வெட்டி முடித்திருந்தார். கத்தியின் முதுகால் பலகையைச் சுரண்டினார், ஈரத்துணியால் ஒரு துடை, அதன்மேல் தக்காளி. தண்ணீர் பட்டால் மரம் வெடிக்குமாம்.

பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சடியை நான் வாங்கி, கைதவறியதுபோல் கொட்டிவிட்டேன். நாளைக்கும் கை தவறுமா?

ஜூன் 4

ஹம்தமிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். கூரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"எனக்குள்ள ஓடுறது அவளோட கிட்னி. அவகிட்ட போய், உன் பலகை அழுக்கு, எனக்கு ஆகாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அப்போ நான் சொல்லணுமா?"

"நீ சொன்னா இன்னும் மோசம்."

ஆக, இந்த வீட்டில் யாரும் சொல்லப் போவதில்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று.

ஜூன் 5

பலகை வாங்கச் சோர்சு பஜாருக்குப் போனேன். மரப்பலகை விற்பவர் பிளாஸ்டிக்கைப் பற்றி உண்மை சொன்னார்: கத்திக்கீறலில் கிருமி குடியிருக்கும், துகள் வயிற்றுக்குப் போகும். பிளாஸ்டிக் விற்பவர் மரத்தைப் பற்றி உண்மை சொன்னார்: ரத்தத்தைக் குடிக்கும், விரிசல் விடும். தன் சரக்கைப் பற்றி ஒருவரும் உண்மை சொல்லவில்லை. கண்ணாடிப் பலகை விற்றவர் இருவர் சொன்னதையும் ஆமோதித்தார். அவரிடம் வாங்கினேன்.

ஜூன் 6

கண்ணாடிப் பலகையில் கேரட் வெட்டும் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டில் ஓடு உடைக்கிறார்களா என்று ஹம்தம் எழுந்து வந்தார். கத்தி இரண்டு வெங்காயத்திலேயே மழுங்கியது. அக்கா கொதிக்கும் சட்டியை இறக்கிக் கண்ணாடியின்மேல் வைத்தார். அதற்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது.

மல்பெரிப் பலகை தன் இடத்துக்குத் திரும்பியது.

ஜூன் 8

இன்றும் பச்சடியைக் கொட்டினேன். அக்கா என் கைகளைப் பார்த்து, ரத்தக்கொதிப்பு இருக்கிறதா, டாக்டரிடம் காட்டு என்றார்.

ஜூன் 10

வழி கண்டுபிடித்துவிட்டேன். சிவப்பு நிறத்தில் கெட்டியான, பளபளக்கும் பிளாஸ்டிக் பலகை. சாறு வழியாமலிருக்க ஓரத்தில் பள்ளம், பிடிக்க எடுப்பான கைப்பிடி. கடையில் இருந்ததிலேயே அழகானது. அதை இறைச்சிக்கு ஒதுக்கிவிட்டு, மல்பெரியைச் சுண்ணாம்பும் கொதிநீரும் போட்டுத் தேய்த்துக் காய்கறிக்கு வைத்துக்கொண்டால் முடிந்தது. தேய்ப்பதை அக்கா வருமுன்பே முடித்துவிட்டேன்.

அழுக்கு, கிருமி, டாக்டர் என்ற சொற்கள் இல்லாமல் இதை எப்படிச் சொல்வது? பரிசு என்று சொன்னேன். காகிதம் சுற்றி, நாடா கட்டிக் கொடுத்தேன். எங்களுக்காக இவ்வளவு செய்கிறீர்கள், இறைச்சி வெட்டச் சௌகரியமாக இருக்கும் என்றேன். அக்கா அதைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது.

"இதுவரைக்கும் எனக்கு யாரும் பலகை வாங்கித் தந்ததில்லம்மா."

பிறகு என் எதிரிலேயே அதன்மேல் ஆட்டுத்தொடையை வெட்டினார். இன்று பச்சடியைக் கொட்டவில்லை. ஹம்தம் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். என்னை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமை.

ஜூன் 13

அலுவலகத்தில் மின்சாரம் போய்விட்டதால் மதியமே வீட்டுக்கு வந்தேன். நோயாளியைப் பார்க்கத் தெருக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். விரிப்பில் திராட்சை, கொட்டை, பாலாடை. நடுவில் சிவப்புப் பலகை. அதன்மேல் சூடான ரொட்டிகள்.

காலையில் இறைச்சி வெட்டிய பலகை. அக்காவின் வழக்கப்படி கத்தி முதுகால் ஒரு சுரண்டல், துணியால் ஒரு துடை.

"பாரு மஸ்தூரா, எல்லாரும் கேக்குறாங்க எங்க வாங்கினதுன்னு. ரொட்டியை வெறும் தட்டுல வெக்க மனசு வரல. வீட்டுல இருக்குறதுல இதுதான் லட்சணமா இருக்கு."

நான் அதைப் பரிசாக்கினேன். அவர் அந்தப் பரிசுக்கு மரியாதை செய்தார். ரொட்டிக்கு மேல் இங்கே யாருக்கும் மரியாதை கிடையாது.

வந்தவர்கள் முன்னால் ரொட்டியை எடுத்துக் குப்பையில் போட்டால் நாளைக்கு இந்தத் தெருவில் நடக்க முடியாது. ஹம்தம் ஒரு துண்டு பிய்த்தார், பாலாடையில் தோய்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். வாயில் போட்டுக்கொண்டார்.

நான் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினேன்.

கத்தியிருக்கணும். ஏன் கத்தல?

ஜூன் 14

ஒன்றுமில்லை. மூன்று தடவை ஹம்தமின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "என்ன, என் நெத்தில ஏதாவது எழுதியிருக்கா?" என்கிறார்.

ஜூன் 15

விடியும்போது குளிர் நடுக்கம். வாந்தி. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு அவரிடம் பொய் சொன்னேன். இப்போது ஆஸ்பத்திரி. உள்ளே விடவில்லை.

ஜூன் 16

சிறுநீரகத்தின் வேலை குறைந்திருக்கிறதாம். உடம்பில் தண்ணீர் வற்றியதாலா, அல்லது உடம்பு அதை விரட்டத் தொடங்கிவிட்டதா — இரண்டு நாள் பார்க்க வேண்டும். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் பாக் கேட்டார். தாழ்வாரத்தில் ஸனோபர் அக்காவும் பக்கத்தில்தான் நின்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும். மல்பெரி, கொட்டிய பச்சடிகள், சிவப்பு, ரொட்டி. டாக்டர் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் இருவரும் நின்றோம்.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் அக்கா."

"என் வயித்தக் கிழிச்சு எடுத்தாங்க, அப்பவே நான் கஷ்டப்படல. ஒரு பலகைக்காகவா கஷ்டப்படப் போறேன்? என்னை என்னன்னு நினைச்சே?"

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக.

ஜூன் 17

காய்ச்சல் இறங்கவில்லை. அக்கா வரவில்லை. ஹம்தம் கண்ணைத் திறந்ததும் கேட்டது அவரைத்தான். வீட்டில் ஓய்வெடுக்கிறார் என்றேன். ஓய்வா, அவளா, என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சிறுநீரகம் கைவிட்டுப்போனால்? இரண்டு பேர் வயிற்றில் கத்தி வைத்தது வீணாகப் போனால்? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியல என்னால.

ஜூன் 18

காய்ச்சல் விட்டது. சிறுநீர் நன்றாகப் போகிறது. உடம்பு விரட்டவில்லை, தண்ணீர் வற்றியதுதான் என்றார் டாக்டர். கிருமி எதிலிருந்து வந்தது? பலகையாக இருக்கலாம், பாலாடையாக இருக்கலாம், இனிக் கண்டுபிடிக்க முடியாது என்றார். நான் தீர்ப்பு கேட்கவில்லை. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன், கொஞ்சம் அதிக நேரம்.

ஜூன் 19

அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. இடது பக்கம் தலையணையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்று, பாதியில் மூச்சைப் பிடித்து நின்றார்.

"அது எப்படி இருக்கு?"

"நல்லா வேலை செய்யுதாம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புறாங்க." பிறகுதான் கேட்டேன். "உங்களுக்கு என்னக்கா?"

எலும்பு வெட்டும்போது தையல் போட்ட இடம் இழுக்குமாம். கனம் தூக்கினால் இரவில் வலிக்குமாம். மார்ச்சிலிருந்தே. யாரும் கேட்கவில்லை, தானும் சொல்லவில்லை என்றார். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொடையாளி என்று பெயர். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் சமையல்.

"ஏன் சொல்லல?"

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நான் தேநீர் போடப் போனேன்.

ஜூன் 21

திங்கட்கிழமை அக்காவைத் தன்னிடம் காட்டச் சொல்லி டாக்டர் பாக் நேரம் கொடுத்திருக்கிறார்.

இன்று பஜாருக்கு இருவரும் போனோம். கடைக்காரர் பளபளப்பானதாக எடுத்து எடுத்து நீட்டினார். அக்கா எதையும் தொடவில்லை. கீழே குனிய முடியாததால் என்னைக் குனியச் சொல்லி, மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக், ஈரச்சுவரில் படரும் பூஞ்சையின் நிறம், ஒரு மூலை கோணல்.

"இதுவா அக்கா?"

"கொதிதண்ணி ஊத்தலாம். கீறல் விழுந்தா தூக்கிப்போட்டுட்டு வேற வாங்கலாம், விலையும் கம்மி. எல்லாத்துக்கும் மேல, மூஞ்சியப் பாரு. மானமுள்ளவன் எவனும் இதுமேல ரொட்டி வெக்க மாட்டான்."

பாடப்புத்தகங்களில் சுகாதாரப் பாடத்தை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். இறைச்சிப் பலகை அவலட்சணமாக இருக்க வேண்டும் என்று ஒன்றிலும் இல்லை.

ஜூன் 23

வெள்ளிக்கிழமை. ஹம்தம் வந்துவிட்டார். ஸனோபர் அக்காவை வாசலுக்கு எதிரே, விருந்தாளிக்கான இடத்தில் முதுகுக்கு மெத்தை கொடுத்து உட்கார வைத்தோம். சமையலறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார், காற்றுக்காகவாம். நான் சுத்தமான பலகையில் வெங்காயம் வெட்டினேன்.

"ஏ மஸ்தூரா, அது வெங்காயமா, அடுப்புக்கு விறகா? தம்பி, கொஞ்சம் எட்டிப் பாரேன்!"

இன்னும் மெல்லிசாக வெட்டினேன். இதுவும் விறகுதான் என்றார். தக்காளியைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது, கத்தி பிடிக்கும் விதத்தைப் பற்றி இரண்டு.

ஆனால் எழுந்து வரவில்லை.