அம்மா வாசித்த வசனங்கள்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

நீ அங்கே உடம்புக்கும் மனதுக்கும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டுமாம், வகுப்பு டீச்சர் சொன்னார், அதை எழுதலாமா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இது என் கையெழுத்துதான், யாரும் எழுதித் தரவில்லை. நூலக மாடியில் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்புக்கு நான் போவது உனக்குத் தெரியாது, அம்மாவுக்கே பாதியில்தான் தெரியும். போனில் நீ சாப்பிட்டியாப்பா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அதோடு பேச்சு தீர்ந்துவிடும், எழுதினாலாவது நாலு விஷயம் சொல்லலாம் என்றுதான் போய்ச் சேர்ந்தேன். ஒரு வரி முடிப்பதற்குள் தோள்பட்டை விட்டுப்போகிறது, இத்தனை காலம் சுவருக்குப் பெயிண்ட் அடித்த கைக்குப் பேனா கனக்கிறது என்றால் யார் நம்புவார்கள். ஒவ்வொரு எழுத்தையும் வாயால் சொன்னால்தான் கை நகர்கிறது, மனதுக்குள் சொல்லி எழுத இன்னும் வரவில்லை. ஆனாலும் வரி முடிந்ததும் புதுச் சுவரைப் பார்க்கிற மாதிரி எட்ட நின்று பார்க்கிறேன், நேராகத்தான் இருக்கிறது.

சாயங்காலமானால் எங்களுக்கு டிவிதான். நீ வேலைக்கென்று வெளியூர் போன பிறகு இளவயதுப் பிள்ளைகள் நடிக்கிற தொடராகப் பார்த்துப் போடச் சொல்கிறாள் அம்மா, எல்லாம் வேற்று மொழி, கீழே தமிழில் எழுத்து ஓடும். வீட்டை விட்டுப் போன உன் வயசுப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். விடுதித் தொடர் முடிந்தது, மருத்துவக் கல்லூரித் தொடர் முடிந்தது, இப்போது நாலு பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிற தொடர். எனக்குப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. எல்லாருக்கும் பல் வரிசையாக இருக்கிறது. காப்பியைப் பாதி குடித்துவிட்டு ஓடுகிறார்கள், அந்தக் கோப்பையை யார் கழுவுகிறார்கள் என்று எந்தத் தொடரிலும் காட்டவில்லை. கையில் காசில்லை என்று அழுகிற பெண்ணின் அறைக்கு மூன்று வண்ணம் அடித்திருக்கிறார்கள், ஆணி அடித்த ஓட்டை ஒன்று கிடையாது, குழாய்ப் பக்கம் ஈரம் ஏறவில்லை, நான் பார்க்காத வாடகை வீடா. நடிப்பைக் குறை சொல்லமாட்டேன், அதில் ஒரு குட்டைமுடிப் பெண் வாயே திறக்காமல் ஷூ கயிற்றைக் கட்டுவதிலேயே கோபத்தைக் காட்டிவிடுகிறாள். ஆனால் அப்பா அம்மா என்று யாரும் கண்ணில் படுவதில்லை, போனில் ஒரு குரல் வரும், பிள்ளை சரி சரி என்று வைத்துவிடும். போனை வைத்த பிறகு அந்த அம்மா என்ன செய்தாள் என்று காட்ட எவனுக்கும் தோன்றவில்லை.

சொல்ல வந்ததுக்கு வருகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாத காலம் முழுக்க அந்தக் கீழ்வரியை உன் அம்மாதான் வாசித்துச் சொல்வாள், அவள் சொல்வதுதான் எனக்குக் கதை. விடுதித் தொடரில் நெட்டைப் பெண் கடைசியில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு அழுததை நான் சலூனில் மெச்சிப் பேச, முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "பெரியவரே, இனிமே போன் பண்ணாதீங்கன்னுல்ல சொல்லிட்டுப் போறா, மன்னிப்பாவது கின்னிப்பாவது" என்றார். பாதித் தலையோடு அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொன்னால், டிவி முன்னால் அவர் தூங்கியிருப்பார் என்றாள், நானும் சிரித்தேன். அப்புறம் எனக்கு எழுத்துக்கூட்ட வந்தது. பெரும்பாலும் நான் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும், ஒரு நாள் சின்ன வரியாக அகப்பட்டது. குட்டைமுடிப் பெண் போனில் பேசுகிறாள், கீழ்வரியில் "வர முடியாது" என்று இருக்கிறது, அம்மா வாசிக்கிறாள், அடுத்த வாரம் வர்றேம்மா, என் கட்டிலைத் தட்டிப் போட்டு வை என்று. எனக்குத்தான் வாசிக்க வரவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். டீச்சரிடம் அந்த வார்த்தையை எழுதிக் காட்டினேன், சரியாகத்தானே இருக்கிறது என்றார். பிறகு ஒரு காலையில் மாத்திரை அட்டையைத் தலைகீழாகக் கொடுத்து இது எந்த மாத்திரை என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் அட்டையை நேராகத் திருப்பாமலே பதில் சொன்னாள்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, சுண்டு. திரையில் நிறம் அசைவது தெரியுமாம், எழுத்து தெரியாதாம். மாதக்கணக்கில் அவளே வசனம் கட்டி எனக்கு வாசித்திருக்கிறாள். முதலில் கோபம் வந்தது, யோசித்துப் பார்த்தால் அவள் கதைதான் நன்றாக இருந்தது, அவள் சொன்ன தொடர்களில் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள் என்கிறார் டாக்டர். இவள் மசியமாட்டேன் என்கிறாள். உன்னிடம் சொல்லவே கூடாதாம், சொன்னால் போட்டது போட்டபடி ஓடி வருவாயாம், நீயாக லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாமாம். நீயோ அடுத்த மாதம் அடுத்த மாதம் என்கிறாய். இப்போது நான்தான் அவளுக்குக் கீழ்வரி வாசிக்கிறேன், பாதி விட்டுப்போகும், வாசித்த வரைக்கும் இருப்பதை இருக்கிறபடியே சொல்கிறேன். நேற்று அந்தக் குட்டைமுடிப் பெண் தன் வீட்டுக்குப் போன் போட்டு நான் நன்றாக இருக்கிறேன் என்றாள், வாசித்தேன். உன் அம்மா, "எழுத்து அப்படித்தாங்க இருக்கும், குரலைக் கேளுங்க, பொய்" என்றாள். அந்த மொழியில் ஒரு வார்த்தை அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்து, "நம்ம வீட்டுக்கு வர்ற போன்லயும் இப்பல்லாம் இந்தக் குரல்தான்" என்றாள். அதற்குப் பிறகு தொடர் அதுபாட்டுக்கு ஓடியது, நாங்கள் பார்க்கவில்லை.

அவள் மாடியில் துணி எடுக்கப் போகிற நேரமாகப் பார்த்து நாலு நாளாக இதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். இப்போது தலை நிமிர்ந்தால் துணிக்கூடையோடு கதவருகே நிற்கிறாள், எப்போது வந்தாளோ. நான்தான் எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, இதில் எங்கே ஒளித்து எழுதுவது. திட்டவில்லை. உட்கார்ந்து தடவித் தடவித் துணியை மடித்துக்கொண்டே, எழுதிக்கோங்க என்றாள். "அவ ஓடி வர வேண்டாம். நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்றதை விட்டுட்டு, என்ன கஷ்டம்னு வாயைத் திறந்து சொல்லட்டும். சொன்ன மறுநாளே நான் போய் ஆஸ்பத்திரியில படுத்துக்கறேன்." அவள் சொன்னதில் நான் ஓர் எழுத்தும் மாற்றவில்லை, அவள் மாதிரி வசனம் கட்ட எனக்கு வராது.

அதனால் சொல்லிவிடு சுண்டு. வேலை போயிருந்தாலும் சரி, மனதுக்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தாலும் சரி, நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டுதான் கேட்போம், விழுந்துவிட மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போடுகிறேன், அம்மா பக்கத்தில் இருப்பாள், மறக்காதே. எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, தீர்க்காயுசாக இரு. ஆரம்பத்தில் எழுதலாமா என்று தள்ளிவைத்த நலம் என்ற வார்த்தையை, ஆபரேஷன் முடிந்து கண் கட்டை அவிழ்த்த பிறகு அம்மா தன் கையால் எழுதட்டும்.

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு வைக்காத உன் அப்பா