நான் எழுதாத ஆனந்தக் கண்ணீர்

1995

செப்டம்பர் 3
நியாலாஸ் ரப்பர் தோட்டத்துக்குப் போய்வந்தேன். தோட்டத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. மாற்று வீடு பற்றிப் பேச்சே இல்லை. இருசம்மாள் அக்கா சொன்னது: "இந்த வீட்ட நெனச்சா கண்ணீர்தான் வருது, புனிதா. நீ எழுதுலா." போன தீபாவளிக்கு என் தலையில் எண்ணெய் வைத்தவர். மலாக்காவில் எனக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? செய்தியை இன்றே பத்திரிகைக்கு ஃபேக்ஸ் செய்துவிட்டேன்.

செப்டம்பர் 10
செய்தி இன்றும் வரவில்லை. ஆசிரியர் போனில்: "இடம் இல்லம்மா. தீபாவளி வாழ்த்து விளம்பரம்லாம் எங்க?" வட்டார நிருபர் என்று பெயர்தான். தீபாவளி வந்தால் விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியது.

செப்டம்பர் 18
ஆசிரியர் சொன்ன இடங்களில் தோட்டத்தை வாங்கிய அந்த நிறுவனமும் ஒன்று. போனேன். முழுப் பக்க விளம்பரம் தந்தார்கள்.
எதற்குப் போனேன்? விளம்பரக் கமிஷன் இல்லாவிட்டால் மஜீது நானா கடை மாடியில் இந்த வாடகை அறைகூட இல்லை.

அக்டோபர் 5
மூன்றாம் பக்கம். 'நியாலாஸில் புது வாழ்வு.' நிறுவனத்தின் படம், நிறுவனத்தின் புகழ், அடியில் என் பெயர். விளம்பரம் என்று ஒரு மூலையிலும் போடவில்லை. "வீட்டை நினைத்தால் ஆனந்தக் கண்ணீர் வருகிறது – இருசம்மாள்."
ஆனந்தமாம். எவன்டா சேர்த்தது?
போன் செய்தேன். "முழுப் பக்கம் குடுத்திருக்காங்க, நாமளும் பாத்து நடந்துக்கணும்" என்றார் ஆசிரியர்.

அக்டோபர் 8
லயத்துக்குப் போனேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். நான் அப்படி எழுதவில்லை என்றேன். "பேரு ஒன்னோடதுதானே" என்றார். காப்பி தரவில்லை.

அக்டோபர் 14
அக்கா மகன் தேவன் வந்தான். "செய்தின்னா மாத்திடுறாங்க. விளம்பரம்னா குடுத்தத அப்படியே போடுவாங்களாக்கா?"
போடுவார்கள். வாழ்த்து விளம்பரத்தை அங்கே யாரும் படிப்பதில்லை, அளவை மட்டும்தான் பார்ப்பார்கள். லயமே சேர்ந்து பணம் போட்டிருந்தது. நானே எழுதி அனுப்பினேன்.

அக்டோபர் 22
வந்துவிட்டது. குத்துவிளக்குப் படம், கீழே: "அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள். எங்களுக்கு மாற்று வீடு இல்லை. நாங்கள் யாரும் ஆனந்தக் கண்ணீர் விடவில்லை." இருசம்மாள் முதல் லயத்து ஆட்கள் எல்லார் பெயரும்.
ஆசிரியர் கத்தினார். இனிமேல் நான் செய்தி அனுப்ப வேண்டாமாம். சரி.
சாயங்காலம் தேவன் மோட்டாரில் வந்து ஒரு போத்தலை நீட்டினான். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். "அம்மா குடுத்துச்சு." வீட்டுக்கு வரச் சொன்னாரா என்று கேட்டேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "எண்ணெய்தான்க்கா குடுத்துச்சு" என்றான்.

அக்டோபர் 23
தீபாவளி. விடிவதற்குள் எழுந்து எண்ணெயை நானே தேய்த்துக்கொண்டேன்.