உப்புக்காக உள்ளே போன மருமகன்

அனுப்புநர்:
திருமதி ஒரியாகு அனுமுடு,
முன்னாள் சமையற்காரர், மிஷன் பள்ளி,
உமுனோச்சா.

பெறுநர்:
முகாம் அதிகாரி அவர்கள்,
நைஜீரியக் கூட்டரசுப் படை,
(மேற்படி பள்ளியில்) உமுனோச்சா.

பொருள்: இப்போது இல்லாத நாடு ஒன்று பிடித்து அடைத்த என் மருமகனை, இருக்கிற நாடு திறந்துவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் முகாமாகியிருக்கும் பள்ளியில் பத்து வருடம் சமைத்தவள் நான். தாங்கள் அமர்ந்திருப்பது தலைமையாசிரியர் நாற்காலி. அதன் இடது கால் ஆடும், கவனமாக இருக்கவும்.

2. பள்ளியின் தானிய அறையில் என் மருமகன் எமேனிகே டுரு டிசம்பர் 20 முதல் அடைபட்டிருக்கிறான். அடைத்தது தாங்கள் அல்ல, தங்கள் நாட்டிலிருந்து பிரிந்து நின்று சென்ற மாதம் சரணடைந்த பியாஃப்ராவின் படை. அவனும் அந்தப் படையின் சிப்பாய்தான். எதிரியுடன் உறவாடினான் என்பது குற்றச்சாட்டு. அந்த எதிரி, ஐயா, தாங்கள்தான்.

3. மருமகன் மேல் எனக்கு அளவுகடந்த பாசம் என்று தாங்கள் நினைத்துவிட வேண்டாம். என் மகள் அடாகுவுக்கு ஒரு தையற்காரர் வரன் வந்தது. அவள்தான் பிடிவாதமாக இந்தக் கள் இறக்குகிறவனைக் கட்டிக்கொண்டாள். அவன் குறட்டையில் கோழிகூட எங்கள் வீட்டில் அடைவதில்லை. இருந்தாலும் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

4. சென்ற அக்டோபரில் எங்கள் பக்கம் உப்பு என்பதே கிடையாது. என் கடைசி மகள் சின்யேரேவுக்கு ஆறு வயது. கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, எதை ஊட்டினாலும் துப்பிக்கொண்டிருந்தாள். ஓடைக்கு இந்தக் கரையில் எங்கள் படை, அந்தக் கரையில் தங்கள் படை. ஒருநாள் மதியம் டன்லாடி என்ற தங்கள் சிப்பாய் அங்கிருந்து கத்தினார்:

"ஏய், அந்தக் கரை! அந்தப் பனையில கள்ளு இருக்கா, இல்ல சும்மா நிக்குதா?"

என் மருமகன் பதில் கொடுத்தான்: "இருக்கு. உன்கிட்ட உப்பு இருக்கா, இல்ல நீயும் சும்மாதான் நிக்கிறியா?"

5. மறுநாள் பட்டப்பகலில், இரண்டு படைகளின் துப்பாக்கிகளும் பார்த்துக்கொண்டிருக்க, எமேனிகே அந்த மரத்தில் ஏறினான். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. எல்லோருக்கும் தாகம். கள் குடுவை அந்தக் கரைக்கு மிதந்து போனது. உப்பு டப்பா இந்தக் கரைக்கு வந்தது. அன்று நான் வைத்த குழம்பைச் சின்யேரே விழுங்கினாள். இப்போதெல்லாம் உப்பு அதிகம் என்று குறை சொல்கிறாள். முதல் தடவை அப்படிச் சொன்னபோது நான் வீட்டுக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

6. அப்போது இதே பள்ளியில் முகாமிட்டிருந்த எங்கள் படைக் கேப்டனும் என் சமையலில் அந்த உப்பை இரண்டு மாதம் சாப்பிட்டார். "அம்மா, இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க" என்று அவர் கேட்காத நாள் இல்லை. பிறகு மேலதிகாரி ஒருவர் வந்து, எத்தனை துரோகிகளைப் பிடித்தாய் என்று கேட்டார். கேப்டனிடம் ஒருவர்கூட இல்லை. ஆகவே எமேனிகேயைப் பிடித்தார்.

"ஐயா, நேத்துக்கூட அந்த உப்பைத் தின்னீங்களே?" என்றான் இவன்.

"அதுக்கும் சேர்த்துதான்டா" என்றார் அவர்.

7. ஜனவரி 11 அன்று கேப்டன் என் புதுச் சேலைத் துணியை உடுத்திக்கொண்டு, பெண்ணாக ஓடிப்போனார். அந்தத் துணி எனக்கு இனி வேண்டாம். ஆனால் அறைச் சாவி அதன் முடிச்சில் போய்விட்டது.

8. இரண்டு நாளில் தங்கள் படை வந்தது. தங்கள் சார்ஜண்ட், எங்கள் படை விட்டுப்போன கைதிப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக விசாரித்தார்.

"எதிரியோட சேர்ந்தியாமே. யாரு எதிரி?"

"நீங்கதாங்க."

சார்ஜண்ட் பதிவேட்டை இன்னொரு தடவை புரட்டி, "கைதின்னு எழுதியிருக்கு. மேலிடத்து உத்தரவு இல்லாம விட முடியாது" என்று முடித்தார். அன்றிலிருந்து ஜன்னல் கம்பிக்குள் நான் சோறு நீட்டுகிறேன்.

9. சென்ற வாரம் டன்லாடி என் வாசலில் வந்து நின்றார். சீருடையைப் பார்த்ததும் உலக்கையைத் தூக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றி, "மரம் ஏறுறவரு உயிரோட இருக்காராம்மா?" என்று கேட்டார். விவரம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சாட்சியாகக் கீழே கைரேகை வைத்திருக்கிறார்.

10. வெள்ளிக்கிழமை கைதிகளைப் பெரிய முகாமுக்கு லாரியில் ஏற்றப்போவதாகக் கேள்வி. அங்கே போன யாரும் இதுவரை திரும்பவில்லை. ஆகவே, லாரி வருவதற்கு முன் விடுதலை உத்தரவு ஒன்றில் தாங்கள் கையெழுத்திட வேண்டுகிறேன். சாவி இல்லையே என்று தாங்கள் கவலைப்பட வேண்டாம். அந்தக் கதவின் கீல்கள் இந்தப் போரில் துருப்பிடித்துவிட்டன. அதற்கு முன் பத்து வருடம் அவற்றுக்கு எண்ணெய் போட்டவள் நான். எங்கே தட்டினால் கழன்று விழும் என்று எனக்குத் தெரியும்.

வியாழன் மதியம், தாங்கள் சாப்பிடும் நேரத்தில், சுத்தியலுடன் வருவேன். அதற்குள் உத்தரவு வந்தால் தங்களுக்குக் கீழ்ப்படிந்தவள் ஆவேன். வராவிட்டால் பதிவேட்டில் என் பெயரை எழுதிக்கொள்ளவும். பிழையில்லாமல் எழுத வசதியாகக் கீழே தெளிவாகக் கையொப்பமிட்டிருக்கிறேன்.

இடம்: உமுனோச்சா
நாள்: 3 பிப்ரவரி 1970

இப்படிக்கு,
ஒரியாகு அனுமுடு

சாட்சி: டன்லாடி (கைரேகை)