முடி வெட்ட ஆளில்லை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா நன்றாகத் தூங்குகிறாளா? எனக்கு ஒரு குறையுமில்லை. எச்ஐவி கிருமி அடங்கிவிட்டது, மாத்திரையை விடாதவரை யாருக்கும் பரவாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

போன வாரம் ஒரு வேடிக்கை. என் மாத்திரை டப்பாவைப் பார்த்த எங்கள் சலூன் முதலாளி, "இனிமே கத்தியைத் தொடாதே, தரையைக் கூட்டு" என்றார். பக்கத்து நாற்காலியில் வேலை செய்பவனிடம் எனக்கு முடி வெட்டச் சொன்னேன். "எனக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்குடா" என்று நழுவிவிட்டான். நானே வெட்டிக்கொண்டதில் பின்கழுத்து கோணிப்போச்சு.

அடுத்த மாதம் வருகிறேன். போன தடவை நம் சலூனில் கூட்டம் என்று என்னை வேறு கடைக்கு அனுப்பினீர்கள். கடை காலியாகத்தான் இருந்தது அப்பா. இந்த முறையாவது வெட்டிவிடுவீர்களா? முடியாதென்றால் இப்போதே எழுதிவிடுங்கள், இங்கேயே மொட்டை போட்டுக்கொண்டு வருகிறேன்.

தரை கூட்டக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மூத்தவன்