அப்துல் கபூர் காக்கா கொண்டுவந்த டிஸ்க்

12.05.2009
வகுப்பு முடிந்து கணினி நிலையத்தைப் பூட்டும் நேரம் மீனவர் சங்கத்து அப்துல் கபூர் காக்கா வந்தார். கையில் ஒரு ஹார்ட் டிஸ்க். சுனாமி நேரம் சாய்ந்தமருதில் படம் எடுத்த வெள்ளைக்காரர் ஒருவர் பிறகு சங்கத்துக்கு அனுப்பியதாம். இவ்வளவு காலமும் அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது.

"எந்தக் கடைக்குக் கொண்டு போனாலும் உள்ளுக்க ஒண்டுமில்ல, ஃபோர்மட் பண்ணணும் எண்டுறானுகள், டீச்சர். நீங்க ஒருக்காப் பாருங்களன்."

செருகினேன். ஃபோர்மட் பண்ணவா என்று என்னிடமும் கேட்டது. வேண்டாம் என்று கொடுத்தேன்.

14.05.2009
ஆப்பிள் கணினியில் ஃபோர்மட் பண்ணிய டிஸ்க். விண்டோசுக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். வாசித்துக் காட்ட ஒரு சிறிய மென்பொருள் இருக்கிறது. இணையத்திலிருந்து இறக்க வேண்டும்.

16.05.2009
கரண்ட் இல்லை.

19.05.2009
யுத்தம் முடிந்துவிட்டதாம். சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள். மாமி டிவிக்கு முன்னால் இருந்து எழும்பவில்லை.

"இனிப் புடிச்சி வெச்சிருக்கிறவங்களயெல்லாம் வுட்டுருவாங்க புள்ள. பளீல் வருவான்."

மாமியின் மகன், என் புருசன்; சுனாமி அன்று கரைவலை இழுக்கப் போனவர். அடக்கம் செய்ய மையத்து கிடைக்கவில்லை. கடலில் தத்தளித்த அவரை இயக்கத்து ஆட்கள் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனதாக ஒரு கதை வந்தது. மாமி அதைப் பிடித்துக்கொண்டார். புருசன் இருக்கிறான் என்றால் வீட்டை விட்டு வெளியேறாமல் துக்கம் காக்கிற இத்தா எதற்கு? நான் இத்தா இருக்கவில்லை. நானும் நம்பினேனா? தெரியாது.

"ஓம் மாமி" என்றேன்.

21.05.2009
டிஸ்க் திறந்தது. நிறையப் படங்கள். மையவாடியில் நீளமாக வெட்டிய குழி. பக்கத்தில் வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். ஒரு படத்தில் அவர். முகம் மூடவில்லை. நாடியில் அந்தத் தழும்பு.

அழுகை வரவில்லை. அடுத்த படம், அடுத்த படம் என்று கடைசி வரைக்கும் அழுத்தினேன். எல்லாவற்றையும் விண்டோஸ் வாசிக்கும் டிஸ்க் ஒன்றில் பிரதி பண்ணினேன். பிள்ளைகள் வந்தார்கள். எக்செல் படிப்பித்தேன்.

23.05.2009
பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் மாமி வாசலுக்குப் போகிறார். நான் என்னத்தச் சொல்ற? எப்பிடிச் சொல்ற? அண்டைக்கு ஃபோர்மட்டுக்கு ஓம் எண்டு அமத்தியிருந்தா எல்லாம் அழிஞ்சிருக்கும். அழிஞ்சிருந்தா நல்லமா?

24.05.2009
மாமியை நிலையத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். கன நேரம் பார்த்தார். திரையில் விரலை வைத்தார்.

"தலமுடிய ஆரோ ஒதுக்கி வுட்டிருக்காங்க, பாரு புள்ள."

இரண்டு பேரும் நடந்தே வந்தோம்.

25.05.2009
இன்றிலிருந்து இத்தா இருக்க நினைத்து மௌலவியிடம் கேட்கப் போனேன். நாலு மாதமும் பத்து நாளும்.

"மவுத்தான நாள்ல இருந்துதான் கணக்கு, தங்கச்சி. உங்கட இத்தா எப்பவோ முடிஞ்சிட்டு."

"அப்ப நான் ஒண்டும் செய்யத் தேவல்லையா?"

"துஆ கேளுங்க."

திரும்பி வரும்போது யோசித்தேன், சுனாமிக்குப் பிறகான அந்த நாலு மாதமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று. அகதி முகாமில் ஒரு நிறுவனம் இலவசமாகக் கணினி படிப்பித்தது. அதற்குப் போனேன். ஒரு நாளும் தவறவில்லை.