கொக்கியில் தொங்கிய எர்த் கம்பு

கடற்படை மின்னணுப் பள்ளி
நவம்பர் 6, 1961

அன்புள்ள பாட்டிக்கு,

டெல்மர் எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய ஆப்பிள் ஜாம் வந்தது. பாதியைப் பயல்கள் தின்றுவிட்டார்கள். ரேடியோ வால்வு பாடம் முடிந்து டிரான்சிஸ்டர் தொடங்கியாயிற்று. டிரான்சிஸ்டர் சாது, டார்ச் பேட்டரியிலேயே வேலை செய்யும். வால்வுப் பெட்டிதான் ஆளைக் கொல்லும். "உள்ள ஒரு கை விட்டா இன்னொரு கை பாக்கெட்ல இருக்கணும்டா. இல்லேன்னா சவப்பெட்டியிலதான் வீட்டுக்குப் போவீங்க" என்பார் வாத்தியார்.

தலையில் தையல் போட்டிருக்கிறது, பயப்படாதீர்கள். கூடப் படிக்கும் டெக்சஸ்காரன் கிர்பி, கண்டென்சர் என்ற குட்டி டப்பாவில் கரண்ட் ஏற்றி, "டேய் மலைக்காட்டான், பிடிடா" என்று எறிந்தான். பிடித்தேன். தூக்கி அடித்ததில் மேசை விளிம்பில் மண்டை உடைந்தது. புதுப் பயல்களுக்கு இங்கே இதுதான் வரவேற்பு. நான் கை ஓங்கினால் துரத்திவிடுவார்கள். அப்புறம் அப்பாவை விழுங்கிய அதே நிலக்கரிச் சுரங்கம்தான்.

உங்கள்
டெல்மர்

கென்டக்கி
நவம்பர் 14

டெல்மருக்கு,

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உன் வால்வும் தெரியாது, மற்றதும் தெரியாது. ஆனால் நம் வீட்டில் அடி வாங்கிக்கொண்டு, ஜாம் வந்தது என்று எழுதியவன் எவனும் இல்லை. உன் தாத்தா, நம் நாயைச் சுட்டவனின் தாடையை மண்வெட்டிக் காம்பால் பிளந்துவிட்டு வந்துதான் சாப்பிட உட்கார்ந்தார். சர்ச் முழுக்க உன்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிகிறேன். பக்கத்து வீட்டு ஹேஸல் கேட்கிறாள், "பேரன் அடி வாங்கவா படிக்கிறான்க்கா?"

அந்த டெக்சஸ்காரன் ரத்தத்தைப் பார்த்த பிறகு எழுது. இல்லையென்றால் எழுதாதே.

பாட்டி
ஹெஸ்டர்

டிசம்பர் 2

பாட்டிக்கு,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

வயர்லெஸ் பெட்டியை அணைத்தாலும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும். கொக்கியில் தொங்கும் எர்த் கம்பால் தொட்டு, அந்தக் கரண்டை இறக்கிய பிறகே உள்ளே கை விட வேண்டும். நேற்று நானும் கிர்பியும் ஒரே பெட்டியில் வேலை பார்த்தோம். "தொட்டியாடா?" என்றான். "தொட்டாச்சு" என்றேன். கம்பு கொக்கியில்தான் இருந்தது.

துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். கிர்பி எதிர்ச் சுவரில் போய் விழுந்தான். இரண்டு விரல் கரிந்து எலும்பு தெரிந்தது. அறை முழுக்க முடி பொசுங்கிய நாற்றம். வாத்தியார் அவன் நெஞ்சை அமுக்கி அமுக்கி மூச்சை வரவழைத்தார்; விலா எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

யார் என்று கேட்டார்கள். நானே சொல்லிவிட்டேன். சிறையிலிருந்து எழுதுகிறேன். மலைக்காட்டான் என்று வாய்க்கு வாய் சொன்னவன், என் ஒரு வார்த்தையை நம்பிக் கையை விட்டான் பாட்டி.

டெல்மர்

கென்டக்கி
ஜனவரி 20, 1962

என் டெல்மருக்கு,

நீ சிறைக்குப் போன பிறகு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டிலும் உன்னை மெச்சி எழுதினேன். அதனால்தான் பதில் இல்லை போலிருக்கிறது. பன்றி அறுத்தாயிற்று. தொடைக்கறியை உப்புப் போட்டு உனக்கென்று வைத்திருக்கிறேன். ஹேஸல் வந்து, "உங்க பேரன் ஆம்பளைதான்க்கா" என்றாள். முன்பென்றால் ஒரு துண்டு கறி வெட்டிக் கொடுத்திருப்பேன். வேலை இருக்கிறது என்று கதவைச் சாத்தினேன்.

என்மேல் கோபமென்றால் இருக்கட்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க வேண்டாம். அந்தப் பையன் கண் திறந்தானா? அதை மட்டும் எழுது. கையெழுத்துக்கூடப் போட வேண்டாம்.

ஹெஸ்டர்