தமிழரசு போட்ட நம்பர்

6 ஆகஸ்ட் 2011, சனி
பெங்களூரிலிருந்து சித்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன். நகரி பஸ் ஸ்டாண்டில் தமிழரசு பைக்கோடு காத்திருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷமாக இவர் எனக்குச் சனி ஞாயிறு புருஷன்! இந்த ஒரு வாரம் நகரி வீட்டிலிருந்தே வேலை பார்க்க மேனேஜர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒழுங்காக நடந்தால் இனி இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் பழையபடி ஹாஸ்டல்.

நெட்தான் ஆமையாக நகர்கிறது.

7, ஞாயிறு
லேப்டாப்பைத் திறந்தபடி விட்டு மத்தியானம் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் நெட் பறக்கிறது. மழை விட்டதாலோ? தமிழரசு டீயை ஊதிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தார்.

8, திங்கள்
கம்பெனி நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டதாக லேப்டாப் சொல்கிறது. ஆனால் ஆபீசுக்குள் இருக்கிற ஒரு பக்கமும் திறக்கவில்லை. அந்தப் பெயரில் எதுவும் இல்லையாம். சினிமாச் செய்தி மட்டும் நொடியில் வருகிறது. என்ன கொடுமை இது?

9, செவ்வாய்
கம்பெனி ஹெல்ப்டெஸ்க் சந்துரு, பெயருக்குப் பதில் சர்வர் நம்பரை அடிக்கச் சொன்னார். திறந்தது! "வழி சரியாத்தான் இருக்குது மேடம். பேரைக் கேட்டா நம்பர் சொல்ற இடத்துலதான் கோளாறு." அதற்குள் கரண்ட் போய்விட்டது.

10, புதன்
எல்லாப் பக்கத்துக்கும் நம்பர் யாருக்குத் தெரியும்? இன்றும் வேலை ஓடவில்லை. மேனேஜர் வெள்ளிவரைதான் பார்ப்பாராம். "இந்த ஊர்ல எதுதான் உருப்படியா நடக்குது?" என்று கத்திவிட்டேன். மாமியார் கிருஷ்ணம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். தமிழரசு சாப்பிடாமல் தறி ஓட்டப் போய்விட்டார்.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய —

11, வியாழன்
பெயரைக் கேட்கும் இடத்துக்கு என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று செட்டிங்கைத் திறந்து படிக்கச் சொன்னார் சந்துரு. படித்தேன். "இது நம்ம கம்பெனி நம்பரே இல்லியே மேடம். யார் போட்டது?"

பின்னால் தமிழரசுவின் இருமல். "நான்தான்."

ஞாயிறு நான் தூங்கும்போது, திருப்பதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கோவர்த்தனனிடம் போனில் கேட்டு, நெட் வேகமாக வர அங்கே ஓடும் நம்பரை இதிலும் போட்டிருக்கிறார். விசைத்தறிக்காரர் புத்தி! ஒரு தறி நன்றாக ஓடினால் அதே செட்டிங்கை எல்லாத் தறிக்கும் வைப்பவர்தானே.

அது வெளியார் நம்பராம், ஆபீசுக்குள் புழங்கும் பெயர் அதற்குத் தெரியாதாம். காளஹஸ்தியில் இறங்கி "அம்முலு வீடு எது?" என்று கேட்டால் யார் சொல்வார்கள்? இந்த வீட்டுக்குள் மட்டும்தான் நான் அம்முலு. அந்த நம்பரை எடுத்துவிட்டு, கம்பெனி நம்பரைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். எல்லாம் திறந்தது.

"நீ சீக்கிரமா வேல முடிச்சா எங்கூட பேசிக்கினு இருப்பன்னு நெனச்சேன். நானே கெடுத்துட்டேன்" என்றார். கோபம் வரவேண்டும், வரவில்லை. எவ்வளவு பிடிக்கிறது இந்த மனுஷனை!

12, வெள்ளி
மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடித்தேன். மேனேஜர் பதில் இன்னும் வரவில்லை. தமிழரசு லேப்டாப் பக்கமே வருவதில்லை. டீயைக் கூடத் தூரமாக வைத்துவிட்டுப் போகிறார்.

13, சனி
வந்துவிட்டது. சரி என்று இரண்டே வரி.

14, ஞாயிறு
வழக்கமாக என்னைப் பஸ் ஏற்றிவிடும் நேரம். தமிழரசு ஸ்டூல் போட்டு என் சூட்கேஸைப் பரணில் ஏற்றினார், அண்டாவுக்குப் பின்னால், கடைசி மூலையில்.

"அவ்ளோ உள்ளாற ஏங்க தள்றீங்க? எனக்கு எட்டாதே."

"எட்டக் கூடாது" என்றார்.